கடன் எந்தப் பக்கம் ஓடுகிறது

(கொழும்பு வெள்ளவத்தையில் சிறு வியாபாரிகள் கூடிய ஒரு மாலையில் பேசியது. எழுதும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் போனும் கையுமாக இருப்பது தெரிகிறது. கல்லாவில் நிற்கிற பையன் விலை கேட்டு எடுக்கிறான் போல. பேசிவிட்டு வாருங்கள், எனக்குக் கோபமில்லை. நானும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைதான்.

அப்பாவின் கடை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுனில் இருந்தது. பத்தடி அகலம். இலக்கம் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் காலையில் கடை திறக்க வேண்டும். மூட்டை, தராசு, கருவாட்டு மணம் எல்லாம் உங்கள் கடையில் உள்ளவைதான். நான் சொல்ல வந்தது கல்லாப் பெட்டிக்கு மேலே அடுக்கியிருந்த கொப்பிகளைப் பற்றி. ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரு கொப்பி, ஆளுக்கொரு பக்கம். "சீனி 500, மா 2, நெத்தலி 100, தீப்பெட்டி 1." சில பக்கங்களில் பெயரே இருக்காது, "மேல் லயம், மூக்குத்தி அக்கா" என்று இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கூட்டிப் போடுவது என் வேலை. தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி. ஐந்து, ஆறாம் திகதியிலிருந்தே அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார். சம்பளம் போட்ட அன்று இரவு பக்கம் பக்கமாகக் குறுக்கே கோடு விழும். கோடு விழாத பக்கங்களும் உண்டு. அவற்றை அடுத்த கொப்பிக்கு ஏற்றுவோம். மூன்று கொப்பி ஏறி வந்த கடன்கூட எனக்குத் தெரியும்.

பிறகு அந்த டவுனுக்கு ஒரு சுப்பர் மார்க்கெட் வந்தது. திறந்து இரண்டு நாள் கழித்து அப்பா நல்ல சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். ஒரு பக்கற் பிஸ்கட் வாங்கி வந்து மேசையில் வைத்தார். "இந்த விலைக்கு எனக்குக் கம்பனிக்காரனே தருவதில்லையே" என்றார். இன்று நான் பேசப்போவது இந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான்.

சனம் ஏசிக் குளிருக்கும் வெளிச்சத்துக்கும் மயங்கிப் போகிறது என்று நம்மவர்கள் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. நம் சனம் ஐந்து ரூபாய் குறைவென்றால் அடுத்த சந்திக்கு நடக்கும். குளிருக்காக ஐந்து ரூபாய் கூடக் கொடுக்காது. ஆட்டம் முடிவாவது விற்கிற இடத்தில் இல்லை, வாங்குகிற இடத்தில்.

நீங்கள் பருப்பு எடுக்கப் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறீர்கள். பெரும்பாலும் கைக்காசு. பழகிய மொத்த வியாபாரி என்றால் ஒரு வாரம் பொறுப்பார். மூட்டை சுமக்கிற நாட்டாமிக்குக் கூலி, முச்சக்கர வண்டிக்கோ லொறிக்கோ வாடகை. சாமான் உங்கள் கடைக்கு வந்து சேரும்போதே காசு உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. அதே பருப்பை நீங்கள் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறீர்கள். காசு திரும்பி வர இன்னொரு மாதம்.

பெரிய கடைகளின் வழமை வேறு. அங்கே நூறு கிளைக்கும் சேர்த்து ஒரே மேசையில் கொள்வனவு நடக்கும். சாமான் தருகிறவர் முப்பது நாளோ அறுபது நாளோ காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் வைக்க அதற்கென்று ஒரு தொகை, விளம்பரத் தாளில் படம் போட இன்னொரு தொகை என்று அவர்களிடமே வாங்குவதும் உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். பத்து நாளில் சாமான் விற்றுக் காசு கைக்கு வந்துவிடுகிறது. கொடுக்க வேண்டிய நாள் அறுபதாவது நாள். நடுவில் உள்ள ஐம்பது நாளும் அந்தக் காசு யாருடையது? கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வட்டியில்லாக் கடன். அமெரிக்காவின் வோல்மார்ட் கம்பனி வெளியிடுகிற வருடாந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள். கையிருப்பில் உள்ள சரக்கின் பெறுமதியும், சாமான் தந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். இரண்டுமே 50 பில்லியன் டொலருக்கு மேல். தட்டு நிறைய இருக்கிற சாமானில் கம்பனி தன் காசைப் போடவேயில்லை என்று சொல்லலாம்.

சின்னக் கடை சாமான் வாங்க வருகிறவருக்குக் கடன் கொடுக்கிறது. பெரிய கடை சாமான் தருகிறவரிடம் கடன் வாங்குகிறது. பருப்பு ஒன்றுதான்; கடன் ஓடுகிற பக்கம் வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வோல்மார்ட் என்றேன். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் நமக்கு இன்று நடப்பது அவர்களுக்கு அறுபது வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. சாம் வோல்டன் தொடக்கத்தில் நம்மைப் போல ஒரு சிறு கடைக்காரர்தான். 1945இல் ஆர்கன்சா மாநிலத்தில் நியூபோர்ட் என்ற சிற்றூரில் கடை எடுத்தார். நன்றாக நடந்தது. ஆனால் கட்டடத்தின் சொந்தக்காரர் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்ததால் கடையையே விட்டுப் போக வேண்டியதாயிற்று. (இங்கே சிலர் தலையாட்டுகிறீர்கள். காலி வீதியில் வாடகைக் கடை வைத்திருப்பவர்களாக இருக்கும்.) 1962இல் ரோஜர்ஸ் என்ற இன்னொரு சிற்றூரில் முதல் வோல்மார்ட்டைத் திறந்தார். அதே வருடம் தொடங்கிய கேமார்ட், டார்கெட் போன்றவை நகரங்களைப் பார்த்துப் போனபோது, இவர் சில ஆயிரம் பேர் வாழும் ஊர்களாகத் தேடிப் போனார். அங்கே எதிர்த்து நிற்க ஆளில்லை.

பிறகு என்ன ஆனது என்பதை அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஸ்டோன் என்ற பொருளியலாளர் ஊர் ஊராக விற்பனை வரிக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 1980களின் கடைசியில் வந்த ஆய்வு. பெரிய கடை வந்த ஊரில் எல்லாக் கடையும் மூடப்படவில்லை. சாப்பாட்டுக் கடைக்கும் தளபாடக் கடைக்கும் வியாபாரம் கூடியது. பெரிய கடைக்கு வந்த கூட்டம் அப்படியே அங்கும் போனது. அடி விழுந்தது, அதே சாமானை விற்ற உடுப்புக் கடை, இரும்புச் சாமான் கடை போன்றவற்றுக்கு. அதைவிட முக்கியமானது, பெரிய கடை வராத பக்கத்து ஊர்களும் தேய்ந்தன. அந்த ஊர்ச் சனம் காரை எடுத்துக்கொண்டு கடை வந்த ஊருக்குப் போனது.

நம்மூர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஹட்டனில் பெரிய கடை வந்தால் ஹட்டன் தப்பிக்கொள்ளும். பஸ்ஸில் ஏறி வருகிறவர்கள் தேநீர் குடிப்பார்கள், போன் ரீலோட் போடுவார்கள். நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் உள்ள கடைக்காரர் எதனால் கல்லா மெலிகிறது என்று தெரியாமலே உட்கார்ந்திருப்பார்.

வேலைவாய்ப்பு என்பார்கள். அதில் படித்தவர்களுக்குள்ளேயே சண்டை. 2005இல் எமெக் பாஸ்கர் என்பவர் செய்த ஆய்வில், ஒரு வோல்மார்ட் வந்தால் அந்த மாவட்டத்தில் சில்லறை வேலை சுமார் 100 கூடுகிறது, ஐந்து வருடத்தில் அதில் பாதி கரைந்துவிடுகிறது என்று வந்தது. 2008இல் டேவிட் நியூமார்க்கும் மற்ற இருவரும் செய்ததில், உள்ளே ஒருவருக்கு வேலை கிடைக்க வெளியே சுமார் 1.4 பேருக்கு வேலை போகிறது என்று வந்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் இரண்டிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது: புதிதாகக் கிடைத்த வேலை என்று எண்ணிக் காட்டியதில் ஒரு பகுதி பக்கத்துக் கடையிலிருந்து எழும்பி வந்தது.

ஒரு ஊரின் பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவில் ஓரியண்டல். ஆயிரம் பேர்கூட இல்லாத கடலோர ஊர். அங்கே வோல்மார்ட் தன் சிறிய வகைக் கடையொன்றைத் திறந்தது. ஊரின் பழைய மளிகைக் கடை தாக்குப்பிடிக்க முடியாமல் 2015 ஒக்டோபரில் மூடியது. 2016 ஜனவரியில் கம்பனி உலகம் முழுக்க 269 கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஓரியண்டலும் இருந்தது. மூன்றே மாதத்தில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தலைமையகத்துக்கு அது 269இல் ஒன்று. அந்த ஊர் மளிகைக் கடைக்காரருக்கு அது ஒன்றே ஒன்றாக இருந்தது.

சரி, நம் கதைக்கு வருவோம். இந்த நாட்டின் முதல் சுப்பர் மார்க்கெட் தொடரை கார்கில்ஸ் கம்பனி 1983இல் கொழும்பு ஸ்டேபிள் வீதியில் தொடங்கியது. அந்த வருடம் ஜூலையில் இந்த வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகளுக்கு என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. எரிந்த இடத்திலேயே திரும்பப் பலகை அடித்துக் கடை போட்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போட்டி என்றால் என்னவென்று நான் பாடம் எடுக்க வரவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

நம் பக்கத்துப் பிழையையும் பேச வேண்டும். அப்பாவின் தராசு சரியான தராசு என்று சத்தியம் செய்வேன்; எதிர்க்கடைத் தராசுக்குச் செய்யமாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவின் பக்கத்தில் ஒரு நெத்தலி கூட எழுதப்பட்ட கொப்பிகளும் இருந்தன. சுப்பர் மார்க்கெட்டில் விலை ஒட்டியிருக்கிறது, பில் வருகிறது, யாரும் "போன மாதப் பாக்கி எங்கே" என்று நாலு பேர் முன்னால் கேட்பதில்லை. அங்கே வேலை செய்கிற பிள்ளைக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு 3. சட்டப்படி நாமும் கட்ட வேண்டியவர்கள்தான். உங்கள் கடைப் பையனுக்குக் கட்டுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ... ம். மேலே சொன்னதோடு இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டத்தால் தடுக்கலாமா? பிரான்ஸ் 1973இல் பெரிய கடைக்குத் தனி அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டது. அதே வருடம் ஜப்பானும் போட்டது, 2000இல் கைவிட்டது. அமெரிக்காவில் 1936இலேயே, பெரிய ஆளுக்கு ஒரு விலை சின்ன ஆளுக்கு ஒரு விலை என்று கம்பனி விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அப்பாவின் பிஸ்கட் பக்கற்றுக்கு நேராக எழுதிய சட்டம். புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. 1980களுக்குப் பிறகு அதைத் தூசி தட்டியவர்கள் மிகக் குறைவு. சட்டம் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

எனக்குப் பிடித்த கதை ஜெர்மனியில் இருக்கிறது. 1898இல் பெர்லினில் ஒரு வட்டாரத்துச் சிறு கடைக்காரர்கள் சேர்ந்து சாமானை ஒன்றாக வாங்கக் கூட்டுறவு ஒன்று தொடங்கினார்கள். அவர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் காலனிச் சரக்கு வியாபாரிகள். தேயிலை, மிளகு, கறுவா, கோப்பி என்று நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து போன சாமான்தான் அவர்கள் விற்றது. அந்தச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்திலிருந்து வந்ததுதான் எடேக்கா. இன்று ஜெர்மனியின் மிகப் பெரிய மளிகைக் குழுமம் அது, இன்னும் கூட்டுறவாகவே. கடைக்காரர் தன் கடைக்குத் தானே முதலாளி. வாங்குவது மட்டும் ஒன்றாக. வோல்மார்ட் ஜெர்மனிக்குள் நுழைந்து, நட்டப்பட்டு, 2006இல் விற்றுவிட்டுப் போனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அங்கே வாங்குகிற மேசையில் அது தனி ராஜாவாக இருக்கவில்லை.

கூட்டுறவு என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். சங்கக்கடை வரிசையும் புழுத்த அரிசியும் ஞாபகம் வருகிறதாக்கும். அது அரசாங்கம் மேலிருந்து நடத்திய கூட்டுறவு. நான் கேட்பது அதில் பத்தில் ஒரு பங்கு. கட்டடம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம், செயலாளர் பதவிக்குச் சண்டை வேண்டாம். பருப்பு, சீனி, மா என்ற மூன்று சாமானை மட்டும் மாதம் ஒரு தடவை சேர்ந்து எடுப்போம். முப்பது கடை சேர்ந்தால் நாலாம் குறுக்குத் தெருவில் நமக்குச் சொல்கிற விலை என்னவென்று கேட்டுப் பார்ப்போம். குறையாவிட்டால் அடுத்த மாதம் விட்டுவிடலாம்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கடையின் பெயர், எந்த ஒழுங்கை, இந்த மூன்றும் மாதம் எத்தனை மூட்டை போகிறது. அவ்வளவு எழுதினால் போதும். பேனை உங்களுடையதைப் பாவியுங்கள். போன கூட்டத்தில் வைத்த இரண்டையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.