வானம் பார்த்த முற்றம்

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். மேற்கே ஜன்னல் இருந்தால் காற்று வரும், அதிர்ஷ்டம் இருந்தால் கடலும் தெரியும். ஆனால் சாயங்கால வெயில் அந்தப் பக்கம்தான். ஜூன் பிறந்தால் சாரலும் அந்தப் பக்கம்தான். ஜன்னலை இறுக்கிச் சாத்திவிடுகிறோம். அப்புறம் ஏது காற்று?

இதற்கு விடை தேடியவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. 1930-இல் செகந்திராபாத்தில் பிறந்தார். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து மும்பையில் தொழில் செய்தார். 2015-இல் இங்கேயே காலமானார். கம்பாலா ஹில்லில் அவர் கட்டிய காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். 28 மாடி, 32 வீடு. மூலைகளை யாரோ வெட்டி எடுத்துவிட்டது போல இருக்கும். அந்தப் பள்ளங்கள்தான் இரண்டு மாடி உயரத் தாழ்வாரங்கள். வெயிலும் மழையும் அங்கேயே நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும்.

சரி, அது பணக்காரர்கள் வீடு. நான் பேச வந்தது பேலாப்பூரைப் பற்றி. 1980-களில் நவி மும்பையில் அவர் அமைத்த குடியிருப்பு அது. ஏழெட்டு வீடுகள், நடுவில் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் முற்றம். அப்படி மூன்று கூட்டங்கள் சேர்ந்த இடத்தில் இன்னொரு பெரிய முற்றம். எந்த வீட்டுக்கும் பொதுச்சுவர் கிடையாது. கையில் காசு சேரும்போது பக்கத்து வீட்டைத் தொடாமல் ஓர் அறை கூட்டிக்கொள்ளலாம்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் இருபது வருஷம் இருந்த என் அத்தை, அங்கே ஒரு வீட்டுக்குக் குடிபோனாள். முதல் நாள் முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏ, இது நம்ம ஊரு வளவுல்லா!" என்றாள். திருநெல்வேலிக்காரர்களுக்கு வளவு என்றால் விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு: ஒரு பொது முற்றத்தைச் சுற்றி நிற்கும் வீடுகளின் கூட்டம். அடுத்த வாரமே பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் பிழிந்துவிட்டாள். எதிர்வீட்டு மராத்திக்காரப் பாட்டி, யாரும் சொல்லாமலே குச்சியை எடுத்துக்கொண்டு காக்கா விரட்ட உட்கார்ந்தார். அத்தைக்கு மராத்தி வராது, அந்தப் பாட்டிக்குத் தமிழ் வராது. சாயங்காலம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வத்தலை உரித்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள்.

நம் வெக்கைக்கு வானம் பார்த்த இடமும் ஓர் அறைதான். சின்ன வீட்டுக்குத்தான் அது அதிகம் வேண்டும். இன்று அங்கே பல ஓட்டு வீடுகளை இடித்துக் கான்கிரீட்டில் உயர்த்திவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வீடு வளர வேண்டும் என்றுதானே கொரியா சுவரைப் பிரித்து வைத்தார்? முற்றங்கள் பல இன்னும் இருக்கின்றன.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. 1960-களில் கட்டடக் கலைஞர் பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரிஷ் படேலோடு சேர்ந்து, விரிகுடாவுக்கு அக்கரையில் புது நகரம், அதாவது இன்றைய நவி மும்பை, வேண்டும் என்று அவர் வாதாடிய கதையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். முடியவில்லை. ஒன்று மட்டும்: தாதர் போர்ச்சுகீசிய சர்ச்சும் அவர் கட்டியதுதான். அந்த வழியாகப் போனால் இறங்கி ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். வணக்கம்.