கெகார்டில் அண்ணாந்து பாருங்கள்

அவையோருக்கு வணக்கம்.

ஆர்மீனியாவில் யெரெவான் நகருக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் கார்னி கோயில். அங்கிருந்து மலைப்பாதையில் இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் கெகார்ட் மடாலயம். முதலாவது கல்லின்மேல் கல் வைத்து எழுப்பியது. இரண்டாவதில் பாதி, மலையைக் குடைந்து எடுத்தது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். கோடையில் போகிறவர்கள் பகல் 1 மணிக்குக் கெகார்டின் உள்ளே இருக்கும்படி கிளம்புங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கார்னி, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. 24 தூண்களும் சுவர்களும் சாம்பல் நிற பசால்ட் என்ற எரிமலைக் கல். சாந்து கிடையாது, இரும்புப் பட்டைகளால் கற்களைப் பிணைத்து, ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். அப்படியும் 1679 நிலநடுக்கத்தில் சரிந்துவிட்டது. இப்போது நிற்பது 1969 முதல் 1975 வரை அலெக்சாந்தர் சாஹின்யான் தலைமையில் திரும்ப எழுப்பியது. கிடைக்காமல் போன கல்லுக்குப் பதிலாக, செதுக்கு வேலை இல்லாத மொட்டைக் கல்லை வைத்தார்கள். பழையதுபோல் செதுக்கி நம்மை ஏமாற்றவில்லை! எது பழசு, எது புதுசு என்று நின்ற இடத்திலிருந்தே பிரித்துவிடலாம். முன்படிகள் ஒன்பதுதான், ஆனால் ஒவ்வொன்றும் சுமார் 30 சென்டிமீட்டர் உயரம். முழங்கால் வலி உள்ளவர்கள் பக்கவாட்டாக இறங்குங்கள்.

கெகார்டின் பெரிய தேவாலயம் 1215இல் கட்டியது. அதை ஒட்டிய முன்மண்டபத்தை ‘காவித்’ என்பார்கள். அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள். கூரையின் நடுவில் ஒரு திறப்பு. பழைய ஆர்மீனிய வீடுகளில், அடுப்புப் புகை போகவும் வெளிச்சம் வரவும் மரக்கூரையின் நடுவே விட்ட ‘யெர்திக்’தான் இங்கே கல்லாகியிருக்கிறது.

காவித்தின் வடக்குச் சுவரில் இரண்டு வாசல்கள். இடப்பக்கம் போனால் ‘அவசான்’ என்ற குடைவரைக் கோயில். அதற்குள்ளேயே ஊற்று இருக்கிறது. தரை வழுக்கும், தேய்ந்த செருப்போடு போகாதீர்கள். வலப்பக்கம் ப்ரோஷ்யன் என்ற பிரபு குடும்பத்தின் கல்லறை மண்டபம். சங்கிலியில் கட்டிய இரண்டு சிங்கங்களும், அவற்றின் கீழே ஆட்டுக்குட்டியைப் பற்றிய கழுகும் சுவரில் இருக்கின்றன. இதற்குக் கிழக்கே 1283இல் முடிந்த இன்னொரு குடைவரைக் கோயில்.

பலரும் இத்தோடு திரும்பிவிடுவார்கள். வெளியே வந்து மேற்குப் பக்கப் படியில் ஏறுங்கள். சிலுவைக் கற்கள் செதுக்கிய இடுக்கு வழி, 1288இல் குடைந்த மேல் மண்டபத்துக்குக் கொண்டுபோகும். அதன் நான்கு தூண்களும் நிறுத்தியவை அல்ல, குடையும்போதே விட்டுவைத்தவை. கட்டடத்தில் ஒரு கல் பிசகினால் மாற்றிவிடலாம், இங்கே உளி ஒருமுறை தவறினால் தூணே போச்சு. கூரைத் துளையில் தொடங்கி மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள் என்று சொல்வார்கள்.

இப்போது அந்த 1 மணி. யெரெவான் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான். ஜூன், ஜூலையில் வெயில் கூரைத் துளை வழியே ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து போவதால் அது தரையைத் தொடாது. உள்ளே போனதும் கைபேசி விளக்கைப் போடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். பாட விரும்பினால் மெதுவான, நீண்ட சுரத்தில் பாடுங்கள். சுவர் முழுக்கக் கல், ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லை. வேகமாகப் பாடினால் முந்தின சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் விழுந்து குழம்பும்.

காலணியைக் கழற்ற வேண்டியதில்லை. பெண்கள் தலையில் ஒரு துணி போட்டுக்கொள்வது வழக்கம். பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியேறுபவர்களைப் பார்த்தால் வழிவிடுங்கள். ஆடோ சேவலோ கொண்டுவந்திருந்தால் அது ‘மதாக்’, நேர்த்திக்கடன். பாதிரியார் மந்திரித்த உப்பை அதற்குக் கொடுத்த பிறகுதான் பலியிடுவார்கள்.

யெரெவானிலிருந்து வரும் வேன்கள் உங்களைக் கார்னியில் விட்டுவிடும். அங்கிருந்து கெகார்டுக்கு டாக்ஸிதான். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூலி பேசிவிட்டு ஏறுங்கள். மேலே போன பிறகு திரும்ப வண்டி கிடைப்பது சிரமம்.