தனியாக வளரும் ஆமை முட்டை போடுமா?

[காட்சி: பெங்களூர் அல்சூரில் ஓர் அடுக்குமாடி வீடு. பால்கனியில் கண்ணாடித் தொட்டி. ஆமை கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது.]

வணக்கம். உங்கள் ஆமை ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை, ஓயாமல் நீந்துகிறது, தொட்டியை விட்டு ஏறப் பார்க்கிறது. உடனே காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள். இது முட்டை போட மண் தேடும் ஆமையாக இருக்கலாம்.

பெங்களூர் வீடுகளில் வளர்வது பெரும்பாலும் சிவப்புக் காது ஸ்லைடர் என்ற நீர் ஆமை. முன்னங்கால் நகம் நீளமாக இருந்தால் ஆண். நகம் குட்டையாக, வால் சிறிதாக, உடம்பு பெரிதாக இருந்தால் பெண். ஆண் துணையே இல்லாமலும் பெண் முட்டை போடும். அவை பொரிக்காது, அவ்வளவுதான். ஆனால் முன்பு எப்போதாவது ஆணோடு இருந்திருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. விந்தணுவை மாதக்கணக்கில் உடம்புக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும்.

[காட்சி: பிளாஸ்டிக் பெட்டியில் மண்ணும் மணலும் கலக்கும் கைகள்.]

ஸ்லைடர் தண்ணீரில் வாழ்ந்தாலும் முட்டை போடுவது நிலத்தில்தான். பின்னங்கால்களால் குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். அடைகாப்பதெல்லாம் கிடையாது. தொட்டியில் மண்ணுக்கு எங்கே போகும்? வேறு வழியில்லாமல் தண்ணீரிலேயே போட்டுவிடும், சில சமயம் தானே தின்றும்விடும். மோசமானது, போடாமல் அடக்கி வைத்துக்கொள்வது. அது உயிருக்கே ஆபத்து.

அதனால் ஆமை தாராளமாகத் திரும்பும் அளவுக்கு ஒரு பெட்டி எடுங்கள். ஓட்டின் நீளத்தைவிட ஆழமாக மண் நிரப்புங்கள். ஈரம் புட்டு மாவு பதத்தில் இருக்கட்டும்: பிடித்தால் நிற்கணும். காய்ந்த மணலில் குழி சரிந்துகொண்டே இருக்கும், ஆமை வெறுத்துப்போய் விட்டுவிடும். அப்புறம், பக்கத்தில் நின்று மொபைலில் படம் எடுக்காதீர்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் பாதியில் எழுந்துவிடும்.

முட்டை ஓடு உருவாகக் கால்சியம் வேண்டும். தொட்டியில் ஒரு கணவாய் ஓடு போட்டு வைத்தால் கொறித்துக்கொள்ளும்.

குட்டி பொரிக்க வைக்கலாமா என்றால், என் கருத்து வேண்டாம். இவை அமெரிக்க மிசிசிப்பிப் பகுதி ஆமைகள். வளர்க்க முடியாமல் அல்சூர் ஏரியில் விட்டால் நம்மூர் ஆமைகளின் இரையிலும் இடத்திலும் பங்குக்கு வரும்.

[காட்சி: எக்ஸ்ரே படத்தில் நீள்வட்டமாக முட்டைகள்.]

சாப்பிடாவிட்டாலும் சுறுசுறுப்பாக இருந்தால் காத்திருக்கலாம். சோர்ந்து கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஆமை பார்ப்பாரா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள், பல கிளினிக்கில் நாய் பூனை மட்டும்தான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கால்சியமும், முட்டையை வெளியே தள்ள வைக்கும் ஆக்சிடோசின் ஊசியும் போடுவார். படத்தில் எத்தனை முட்டை என்று எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். படத்தில் ஆறு, பெட்டியில் நாலு என்றால் இன்னும் ரெண்டு உள்ளே இருக்கிறது. மறுபடி கிளினிக்குக்குக் கிளம்பணும்.