ஏதென்ஸ்காரர்கள் தேர்தலை ஏன் நம்பவில்லை?

[திரையில்: ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகம். உடைந்த ஒரு கல் பலகை.]

இந்தக் கல்லைப் பாருங்கள். உண்டியல் வாய் மாதிரி வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. இதன் பெயர் க்ளெரோடீரியன். பழங்கால ஏதென்ஸின் குலுக்கல் இயந்திரம்.

குடிமக்களின் பெயர் பொறித்த சின்னத் தகடுகளை இந்தத் துளைகளில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய். கறுப்பும் வெள்ளையுமாக உருண்டைகளைக் கலந்து மேலே கொட்டினால், கீழே ஒவ்வொன்றாக வந்து விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் இன்றைக்கு நீதிபதிகள். கறுப்பா? வீட்டுக்குக் கிளம்பலாம்.

நீதிமன்றம் மட்டுமல்ல, ஊரின் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்த 500 பேர் அவைக்கும் குலுக்கல்தான். ஒரு வருடப் பதவி, வாழ்நாளில் 2 முறைக்கு மேல் கிடையாது. அந்த அவைக்குத் தினமும் ஒரு புதுத் தலைவர், அவரும் குலுக்கலில் வருபவர். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் ஒரே ஒரு நாள் அவர் கையில் இருக்கும்.

[திரையில்: கப்பல், சுக்கான்]

கப்பல் ஓட்டுபவரைக் குலுக்கிப் போட்டா எடுப்பீர்கள்? சாக்ரடீஸ் இப்படிக் கேட்டு இளைஞர்களைக் கெடுத்தார் என்பது அவர்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அவருடைய மாணவர் செனபோன் எழுதி வைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், கி.மு. 406-ல் அதே 500 பேரில் ஒருவராக உட்கார்ந்திருந்தவர் சாக்ரடீஸ்!

ஆனால் கேள்வி நியாயமானதுதானே? ஏதென்ஸ்காரர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது. அதனால்தான் 10 படைத்தளபதிகள் போன்ற சிலரை மட்டும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை முறை வேண்டுமானாலும். ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸ் வருடக்கணக்கில் செல்வாக்கோடு இருந்தது அந்தத் தளபதிப் பதவியில்தான். போருக்குத் திறமை வேண்டும். ஊர் விவகாரத்துக்குச் சாதாரண புத்தி போதும் என்பது அவர்கள் கணக்கு. பதவி முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும், அது வேறு.

சரி, மற்ற பதவிகளுக்கும் தேர்தல் வைத்தால் என்ன? ‘அரசியல்’ நூலில் அரிஸ்டாட்டில் இதைத் தொடுகிறார். குலுக்கல் மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலர் ஆட்சிக்கு உரியது என்பது பொதுக் கருத்து என்கிறார். இன்றைக்குக் கேட்டால் தலைகீழாகத் தோன்றும். யோசித்துப் பாருங்கள்: தேர்தலில் பணமும் குடும்பப் பெயரும் பேச்சுத் திறனும் முந்திக்கொள்ளும். அந்த உருண்டைக்கு இதெல்லாம் தெரியாது.

[திரையில்: மறுபடி அந்தக் கல்]

ஆனால் யாருடைய தகடு உள்ளே போகலாம் என்பதை முன்பே முடிவு செய்திருந்தார்கள். பெண்களுக்குத் தகடு இல்லை. அடிமைகளுக்கு இல்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை.

அரிஸ்டாட்டில் பிறந்தது வடக்கே ஸ்டாகிராவில். அவருக்கும் இல்லை.