துணியில பேரா எழுதியிருக்கு?

(மாரியம்மன் நோம்பிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘பாடகர் வளர்வது பாட்டுக் கம்பெனி நிழலிலா, சொந்தக் காலிலா?’ சொந்தக் கால் அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அய்யாவுக்கு வணக்கம். ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். அதில் ஈரோட்டு அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறேன், போகப் போகத் தீர்த்துவிடுகிறேன்.

அண்ணன் இப்போதுதான் பேசிவிட்டு உட்கார்ந்தார். “கம்பெனி இல்லாமல் ஆல்பம் போடுவது, பத்திரிகை அடிக்காமல் கல்யாணப் பந்தி போடுகிற மாதிரி. ஆக்குனவனே உட்கார்ந்து திங்க வேண்டியதுதான்” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், நல்ல பேச்சை நல்ல பேச்சு என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் அண்ணா, பத்திரிகை அடித்த கல்யாணம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

லண்டனில் ஒரு பொண்ணு. பேர் ரேச்சல் கீன், மேடைப் பேர் ரே. சத்யஜித் ரேவுக்குச் சொந்தமா என்று முன்வரிசை அய்யா கேட்கிறார். இல்லைங்க. அம்மா வழியில் கானா நாட்டுத் தொடர்பு, அப்பா இங்கிலாந்துக்காரர், 1997இல் பிறந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில், 2014இல், பாலிடார் என்கிற பெரிய கம்பெனி வந்து கையெழுத்து வாங்கியது. நாலு ஆல்பத்துக்கு ஒப்பந்தம். பத்திரிகை அடித்தாயிற்று! ஊரெல்லாம் கொடுத்தாயிற்று! அப்புறம்?

2015 வந்தது. ஆல்பம் இல்லை. 2016 வந்தது. இல்லை. 2017, 2018, 2019... நம்மூரில் கொரோனா வந்தது, போனது, திரும்ப வந்தது, ஆல்பம் மட்டும் வரவில்லை. நடுவில் ஒத்தைப் பாட்டுகள் வந்தன. அடுத்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தாள், அமெரிக்கப் பாடகி பியான்சேவுக்குக்கூட எழுதினாள். 2021 ஜூனில் பொறுக்க முடியாமல் ட்விட்டரில் ஊரறியச் சொன்னாள்: நாலு ஆல்பத்துக்குக் கையெழுத்துப் போட்டும் ஒன்றைக்கூட வெளியிட விடவில்லை என்று. ஈரோட்டு அண்ணா, பத்திரிகை அடித்து ஏழு வருஷம், முகூர்த்தமே குறிக்கவில்லை! பொண்ணை மட்டும் பக்கத்து வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மாவாட்டக் கூப்பிட்டுக்கொண்டார்கள்!

அடுத்த மாதமே கம்பெனியை விட்டு வெளியே வந்தாள். 2023 பிப்ரவரி 3ஆம் தேதி, தன் பொறுப்பில், தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டாள். ‘மை ட்வென்ட்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி புளூஸ்.’ ஸ்டூடியோவின் மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெண்ணுக்கு நடந்த அக்கிரமத்தைப் பற்றிக்கூட அதில் பாட்டு இருக்கிறது. அதில் இருந்த ‘எஸ்கேபிசம்’ என்கிற பாட்டு அதற்கு முந்தின மாதமே பிரிட்டனில் முதலிடம். ஆல்பம் இரண்டாமிடம். பத்திரிகை அடிக்காத பந்தி அண்ணா. ஆக்கினவளே உட்கார்ந்து தின்றாளா? எலை போதவில்லை அண்ணா, எலை!

தட்டாதீங்க, தட்டாதீங்க, நடுவர் என் நேரத்தில் கழித்துவிடுவார்.

பொள்ளாச்சித் தங்கச்சியும் ஒன்று சொன்னாள். “அந்த ஆல்பத்தை வினியோகம் பண்ணியது ஹ்யூமன் ரீ சோர்சஸ், அது சோனி குடும்பத்துக் கம்பெனி. அப்புறம் என்ன சொந்தக் கால்?” என்று கேட்டாள். படித்துவிட்டு வந்திருக்கிறாள், சந்தோஷம். ஏன் கண்ணு, உங்க தோப்புத் தேங்காயை மெட்ராசுக்கு அனுப்ப லாரி பிடிக்கிறீர்கள் இல்லையா? வாடகை கொடுக்கிறீர்கள் இல்லையா? அதனால் தோப்பு லாரிக்காரருதா? அவ்வளவுதான், உட்காரு.

ஹிப்ஹாப் தமிழா ஆதியைப் பற்றியும் சொன்னார்கள். நம்ம கோயமுத்தூர்ப் பையன், 2012இல் வந்த அவருடைய ஆல்பத்தையே கம்பெனிதானே வெளியிட்டது என்றார்கள். ஆமாம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின வருஷமே அவர் பாட்டு யூடியூபில் ஊர் சுற்றிவிட்டது. தானாக நடந்து வந்த பிள்ளையைக் கடைசி ஸ்டாப்பில் தோளில் தூக்கிக்கொண்டு, நான்தான் சுமந்து வந்தேன் என்றால் எப்படி?

சரி, இந்தக் கம்பெனிக் கணக்கு என்னவென்று நம் தறிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே பாதிப் பேர் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், வேலை கொடுக்கிற முதலாளிகளுடையது. குறுக்கே ஓடுகிற ஊடைநூலும் அவர்களுடையது. தறி நம்முடையது, கரண்ட் பில் நம்முடையது, தூக்கம் கெடுவது நம்முடையது. நெய்து முடித்த துணி? அவர்களுடையது. பாட்டுக் கம்பெனியும் அப்படித்தான். முன்பணம் தரும். ஸ்டூடியோ செலவு, வீடியோ செலவு என்று பாடுகிறவர் பங்கிலிருந்தே ஒவ்வொன்றாகக் கழிக்கும். எல்லாம் கழிந்த பிறகும் மூலப்பதிவு பெரும்பாலும் கம்பெனியுடையதுதான்.

இதை என் அம்மா ஒரு போர்வைக் கடையில் கண்டுபிடித்தார்.

எங்கள் வீட்டில் நாலு தறி, கூலிக்கு. ராத்திரி ஷிப்டு அம்மா. என் தங்கச்சி அப்போது கைக்குழந்தை, தறிக்குடோன் மூலையில்தான் தொட்டில். தறிச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவாள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீறிட்டு அழுவாள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. ஒரு ராத்திரி கரண்ட் போனது, இவள் அழுதாள், அம்மா ஓடினார், தூக்கினார், கரண்ட் வந்தது, இடுப்பில் பிள்ளையோடே தறியை ஓட்டிவிட்டார். பாவில் ரெண்டு இழை அறுந்திருந்தது கண்ணில் படவில்லை. துணி நெடுக, சீப்பில் பல் போன மாதிரி ஒரு கோடு. பீஸை விரித்துப் பார்த்த கணக்குப்பிள்ளை ‘டேமேஜ்’ என்று எழுதிக் கூலியில் பிடித்துவிட்டார். பிடிக்கட்டும், தப்பு நம்முடையது என்று அம்மா வந்துவிட்டார்.

ரெண்டு தீபாவளி கழித்து, கோயமுத்தூர் ஒப்பணக்காரவீதியில் ஒரு கடை. போர்வை எடுக்கப் போனோம். நம் காடாத்துணி வடக்கே போய்ச் சாயம் ஏறி, பூப் போட்டு, நமக்கே விற்க வந்திருக்கும் என்று அம்மாவுக்கு அதுவரை தெரியாது. ஒரு ரோஜாப்பூப் போர்வையை விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். “ஏனுங்க, இது நம்ம தறித் துணிங்க” என்றார் அப்பாவிடம். அப்பா, “கம்முனு இரு, எல்லாத் துணியிலயும்தான் கோடு இருக்கும்” என்றார். அம்மா விடவில்லை. பூவுக்கு நடுவில் ஓடிய அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே கடைப்பையனைக் கூப்பிட்டு, “கண்ணு, இது நாங்க நெய்ததாக்கும்” என்றார். அவன் சிரித்துவிட்டு, “ஏனுங்க்கா, துணில உங்க பேரா எழுதியிருக்கு?” என்றான்.

அம்மா சொன்னார்: “பேரு எழுதல கண்ணு. தப்பு எழுதியிருக்கு.”

இன்னும் முடியவில்லை, இருங்கள். விலை கேட்டார். 240 ரூபாய். “டேமேஜ் துணிக்கு முழு விலையா? கொறைச்சுக் குடு” என்றார். பையன் விவரமானவன். “டேமேஜ் பண்ணுனதே நீங்கதானுங்களே?” என்றான். அம்மா சொன்னார்: “அதுக்குத்தான் ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே கூலில பிடிச்சுட்டாங்கல்ல? ஒரே தப்புக்கு எத்தன தடவடா பிடிப்பீங்க?” கடையே திரும்பிப் பார்த்தது. அப்பா தெருவுக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையை அம்மா இருபத்தஞ்சு வருஷமாகச் சொல்கிறார். முதலில் ரோஜாப்பூ. தங்கச்சி கல்யாணத்தில் சொன்னபோது தாமரை. போன பொங்கலுக்கு மயில் ஆகிவிட்டது. விலையும் 240இல் தொடங்கி 600க்குப் போய்விட்டது. அந்தக் கோடு மட்டும் மாறவே இல்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே நிமிஷம் அய்யா.

2024 மார்ச் 2. லண்டனில் பிரிட் விருது விழா, பிரிட்டனின் பெரிய இசை விருது. ஒரே ராத்திரியில் அதிகபட்சம் நாலு விருது வாங்கியதுதான் அதுவரை சாதனை. ரே வாங்கியது ஆறு. சிறந்த ஆல்பம் என்று இவள் பேரை அழைத்தபோது, இவள் தனியாக மேடை ஏறவில்லை. பாட்டியைக் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். பேச்சே வரவில்லை, ஏங்கி ஏங்கி அழுகிறாள். பாட்டி பக்கத்தில் நிற்கிறார். அதைப் பார்த்தபோது நான் கோபியிலிருந்து வருகிற பஸ்ஸில் இருந்தேன். பக்கத்து சீட்டு அக்கா, யாராவது தவறிட்டாங்களா சாமி என்று கேட்டார். அவ்வளவு அழுகை.

எங்கப்பாவும் ஒரு தடவை சொந்தப் பாவு போட்டார். வட்டிக்கு வாங்கி, ஒரே ஒரு பாவு. நட்டம். ஈரோட்டு அண்ணன் எழுதிக்கொள்ளலாம், சொந்தக் காலில் நின்று நட்டப்பட்டார்கள் என்று எதிரணியே ஒத்துக்கொண்டதாக. கேட்ட விலைக்குக் கொடுத்தோம், கடன் அடைய ரெண்டு வருஷம் ஆனது. ஆனால் முதல் பீஸை அம்மா விற்க விடவில்லை. மூன்றாவது வரை படித்தவர். துணியின் முந்தியில் நீலப் பென்சிலால் தன் பேரை எழுதினார். மூன்று எழுத்து. எழுதி முடிக்க அவ்வளவு நேரம் ஆனது. நான் காலேஜ் ஹாஸ்டலில் மூன்று வருஷம் போர்த்தியது அந்தத் துணியைத்தான். துவைத்துத் துவைத்து இப்போது பேர் இருந்த இடத்தில் லேசாக நீலம் மட்டும் இருக்கிறது.

அந்தப் பொண்ணு மாதிரி நானும் மேடைக்குக் கூப்பிட்டிருப்பேன். முட்டி வலி, இந்தப் படி ஏற முடியாது. அதோ, தேர்முட்டிப் பக்கம் பச்சைச் சேலையில், பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா, எந்திரிக்க வேண்டாம். கையை மட்டும் தூக்கு.