மூன்று மணிச் சாப்பாடு

தம்பிகளே, தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விசாவைப் பற்றி, அப்புறம் வாடகையைப் பற்றி. அதற்கெல்லாம் விவரம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிப் பேசவே வந்தேன்.

நான் படித்த ஊர் சலமாங்கா. 1218ஆம் ஆண்டு லியோன் மன்னர் ஒன்பதாம் அல்ஃபோன்சோ தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. பழைய கட்டடத்தின் முகப்பில் கல்லில் செதுக்கிய ஒரு மண்டையோடு, அதன்மேல் ஒரு தவளை. யாரும் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்கிற மாணவர் தேர்வில் தேறிவிடுவார் என்பது ஊர் நம்பிக்கை. பத்துக்கு ஐந்து வாங்கினால் தேர்ச்சி. பேராசிரியரைப் பெயர் சொல்லி, 'நீ' என்றே பேசுவார்கள். எனக்கு ரொம்ப நாள் நாக்கு எழவில்லை.

போய்ச் சேர்ந்த அன்று மாலை ஏழு மணிக்கு நல்ல பசி. நான்கு கடை ஏறி இறங்கினேன். கதவு திறந்திருக்கிறது, கூட்டமும் இருக்கிறது, ஆனால் சமையலறை திறக்கவில்லை. "ஒச்சோ இ மெதியா" என்றார் பரிமாறுகிறவர். எட்டரை. அங்கே மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்துக்கு.

இதைச் சோம்பல் என்று பேசுவது தவறு. 1940இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதன்பின் யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. சலமாங்கா லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது, ஆனால் அங்கே ஓடுவது பெர்லின் நேரம். கோடையில் சூரியன் உச்சிக்கு வரவே இரண்டு மணி தாண்டிவிடும். மறைய ஏறக்குறைய பத்து மணி ஆகும். வெயிலைப் பார்த்துக் கணக்குப் போட்டால் அவர்களும் நம்மைப்போல உச்சிவேளையில்தான் சாப்பிடுகிறார்கள்.

இது புரியாமல் இரண்டு மாதம் பன்னிரண்டரைக்கும் ஏழுக்கும் தனியாகச் சோறு வைத்துச் சாப்பிட்டேன். என்னோடு வீட்டில் தங்கியிருந்த மற்ற மூவரும் சமையலறைக்கு வரும்போது நான் பாத்திரம் கழுவிவிட்டு அறைக்குப் போயிருப்பேன். ஒரே வீடு, நான்கு பேர். ஆனாலும் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் நான் பேசியதில்லை. அந்தத் தனிமை என் உடம்பைக்கூடப் படுத்தியது.

நவம்பரில் ஒரு ராத்திரி, தண்ணீர் குடிக்கப் போனேன். ஸமோராவிலிருந்து வந்த பையன் உருளைக்கிழங்கை மெல்லிசாக நறுக்கி, நிறைய ஆலிவ் எண்ணெயில், சிறு தீயில் வேகவிட்டுக்கொண்டிருந்தான். பொன்னிறம் வரக்கூடாதாம், மெத்தென்று குழையவேண்டுமாம். எண்ணெயை வடித்து, அடித்த முட்டையில் கிழங்கைக் கொஞ்ச நேரம் ஊறவைத்தான். அப்புறம் சட்டியில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே திருப்பு. அதுதான் தொர்தீயா. வெங்காயம் போடலாமா கூடாதா என்று மூவரும் சண்டை பிடித்தார்கள். அந்த நாடே அதில் இரண்டு கட்சி. "வெங்காயம் இல்லாமல் சமையலா?" என்று நானும் கத்தினேன். ஸ்பானிய மொழியில், யோசிக்காமல் வாயிலிருந்து வந்த என் முதல் வாக்கியம் அது.

தட்டு காலியானபிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டபின் மேசையிலேயே உட்கார்ந்து பேசுவதற்கு அங்கே ஒரு தனிச் சொல்லே உண்டு: சோப்ரெமெசா. வகுப்பில் பிடிபடாத வினைச்சொற்கள் எனக்கு அங்கேதான் பிடிபட்டன. நகராட்சியில் முகவரி பதிவது, ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிப்பது, இரண்டுக்கும் முன்பதிவு எடுப்பது எல்லாம் அந்த மேசையில் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான்.

டிசம்பரில் ஒரு நாள், "ஒன்பது மணிக்கு, கடிகாரத்துக்கு அடியில்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிளாசா மயோர் சதுக்கத்துக் கடிகாரத்தைச் சொல்கிறார்கள். சலமாங்காவில் யார் யாரைச் சந்திப்பதும் அங்கேதான். அன்று மாலை ஏழு மணிக்கு நான் சோறு வைக்கவில்லை.