திசை மட்டும் தெரிந்தால் போதுமா?

நண்பர்களே, வணக்கம்.

இரவில் கடற்கரையில் நிற்கிறீர்கள். தொலைவில் ஒரே ஒரு விளக்கு மெல்ல வலப்பக்கம் நகர்கிறது. கரையோரம் மெதுவாகப் போகும் படகா, வெகு தூரத்தில் விரைந்து போகும் கப்பலா? எவ்வளவு நேரம் பார்த்தாலும் சொல்ல முடியாது. நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவர்களின் பாடும் இதேதான். அங்கே கண்ணுக்குப் பதில் காது. சோனாரில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டால் தூரம் உடனே கிடைத்துவிடும். ஆனால் தாங்கள் இருக்கும் இடமும் காட்டிக்கொடுக்கப்படும். அதனால் சத்தம் போடாமல் கேட்கிறார்கள். கிடைப்பது திசை மட்டும்.

சரி, நிமிடத்துக்கு ஒரு முறை திசையைக் குறித்துக்கொண்டே போனால்? நீங்களும் எதிரியும் நேர்கோட்டில் சீரான வேகத்தில் போகும்வரை, நூறு முறை குறித்தாலும் தூரம் பிடிபடாது. 3 கிலோமீட்டர் தள்ளி ஒரு பாதை, 6 கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று, இரண்டும் அச்சு அசலாக அதே திசைகளைக் காட்டும். ஆகவே நீங்கள்தான் திரும்ப வேண்டும்.

1958-இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் எக்கலண்ட் இதற்கு மனக்கணக்குப் போலச் சின்னதாக ஒரு வழி சொன்னார். பார்வைக்கோட்டுக்கு, அதாவது உங்களிடமிருந்து எதிரியை நோக்கிய கோட்டுக்கு, குறுக்கே வலப்பக்கம் 4 நாட் (மணிக்கு ஒரு கடல்மைல் என்பது ஒரு நாட்) வேகத்தில் போகிறீர்கள். திசை நிமிடத்துக்கு ஒன்றரை பாகை இடப்பக்கம் நகர்கிறது. அப்புறம் திரும்பி இடப்பக்கம் 4 நாட். இப்போது அரை பாகை வலப்பக்கம் நகர்கிறது. உங்கள் வேகத்தில் மாற்றம் 8 நாட், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 247 மீட்டர். திசை நகர்வில் மாற்றம் 2 பாகை, கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் 0.035. வகுத்தால் தூரம் சுமார் 7 கிலோமீட்டர்! எதிரியின் வேகத்தை நாம் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? இரண்டு முறையும் அது ஒன்றே என்பதால் கழிந்துபோய்விட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது.

வானியலிலும் இதே சிக்கல் வந்தது. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் வானியலாளர் பியாட்சி சீரீஸ் என்ற குறுங்கோளைக் கண்டார். பிப்ரவரிக்குப் பிறகு அது சூரிய ஒளியில் மறைந்துவிட்டது. கையில் இருந்தவை திசைகள் மட்டுமே. 24 வயது ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் பாதையைக் கணக்கிட்டுச் சொல்ல, அந்த டிசம்பரில் அது மறுபடி அகப்பட்டது. இங்கே யாரும் திரும்ப வேண்டியிருக்கவில்லை: பியாட்சி நின்ற பூமியே வளைந்து போய்க்கொண்டிருந்தது. சீரீஸும் சூரியனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டது.

கடலுக்கடியில் எதிரி எதற்கும் கட்டுப்பட்டவன் அல்ல. நீங்கள் திரும்பும்போது அவனும் திரும்பிவிட்டால் அந்த 7 தவறு. அதனால் இன்னொரு முறையும் திரும்பி, கேட்டு, விடை ஒத்துவருகிறதா என்று பார்க்கிறார்கள்.